ரிங்கர் சரியாக இருந்தது

தாராவியில் பழைய மொபைல் வாங்கக் கிளம்புகிற தமிழ் ஆட்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எங்கே வாங்கினாலும் சரி, காசைக் கொடுப்பதற்கு முன்னால் மாரிசெல்வத்திடம் ஒரு தடவை காட்டிவிடுவார்கள். தொண்ணூறடி ரோட்டில் ஒரு பூட்டுக் கடைக்கும், கல்யாண அண்டா வாடகைக்கு விடுகிற கடைக்கும் நடுவே, ஆள் நிமிர்ந்து நிற்க முடியாத ஒரு பொந்து. உள்ளே ஒரு கண்ணாடிப் பெட்டி, ஒரு விளக்கு, ஒரு முக்காலி. அதுதான் அவன் கடை. பார்த்துச் சொல்வதற்கு அவன் கூலி வாங்குவதில்லை. வாங்கியிருந்தால் இத்தனை வருஷத்தில் நிமிர்ந்து நிற்கிற மாதிரி ஒரு கடை பிடித்திருக்கலாம். சொன்னால் கேட்கிற ஆளா அவன்?

வயது நாற்பத்து மூன்று. பதினாறு வயதில் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து ரயிலேறி வந்தவன். ஐந்து வருஷம் தோல்பைப் பட்டறையில் பசை தடவினான். அந்த நாற்றம் தாங்காமல் குர்லாவில் ஒரு ரிப்பேர் கடையில் போய் உட்கார்ந்து திருப்புளி பிடிக்கக் கற்றுக்கொண்டான். வலது கட்டைவிரல் நகத்தை மட்டும் வெட்ட மாட்டான். போனின் பின்மூடியை நெம்ப அது வேண்டும். இந்தி அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. தமிழ் பேசுவான், வாசிக்கச் சொன்னால் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பான். ஐந்தாம் வகுப்போடு படிப்பு சரி.

அவன் ஒரு போனைப் பார்க்கிற அழகே தனி. முதலில் காதருகே வைத்து ஆட்டுவான். உள்ளே ஏதாவது கடகடத்தால் அப்போதே திருப்பிக் கொடுத்துவிடுவான். பிறகு மேஜைமேல் மல்லாக்க வைத்துச் சுண்டுவான். பேட்டரி உப்பிய போன் பம்பரமாகச் சுற்றும். திரை முழுக்க வெள்ளைப் படம் வைத்து, புள்ளி கோடு தெரிகிறதா என்று பார்ப்பான். ஓர் ஐகானை விரலால் பிடித்து மூலைக்கு மூலை இழுப்பான். எங்கே நழுவுகிறதோ அங்கே டச் செத்துவிட்டது என்று அர்த்தம். சிம் தட்டைக் கழற்றி உள்ளே டார்ச் அடிப்பான். அங்கே இருக்கிற வெள்ளைத் துண்டு சிவந்திருந்தால் அது தண்ணீரில் விழுந்து எழுந்த போன். ஸ்டார் ஹேஷ் ஜீரோ சிக்ஸ் ஹேஷ் அடித்தால் வருகிற பதினைந்து இலக்க ஐஎம்இஐ நம்பரைப் பெட்டியோடும் பில்லோடும் ஒத்துப் பார்ப்பான். திருட்டுப் புகார் இருக்கிறதா என்று கவர்மெண்ட் சைட்டில் போட்டுப் பார்ப்பான். மைக், ஸ்பீக்கர், கேமரா, ரிங்கர், சார்ஜர் சொருகுகிற ஓட்டை, எதையும் விட மாட்டான்.

கடைசியில்தான் முக்கியமான சோதனை. போனை அணைத்து, விற்க வந்தவன் கையிலேயே கொடுத்து, "நீயே ஆன் பண்ணி லாக்கைத் திற" என்பான். சொந்தக்காரன் பேச்சுக் கொடுத்துக்கொண்டே திறந்துவிடுவான். சுட்டுக்கொண்டு வந்தவன், தம்பி லாக் நம்பரை மாத்திட்டான் என்று தலையைச் சொறிவான்.

"போனைப் பாக்கதுக்குப் பத்து நிமிசம்வே. கொண்டாந்தவனைப் பாக்கதுக்கு ஒரு நிமிசம். அந்த ஒரு நிமிசத்தத்தான் எல்லாவனும் விட்டுருதான்" என்று வருகிறவனுக்கெல்லாம் சொல்வான். ஊருக்கு உபதேசம். அந்த ஒரு நிமிஷத்தை அவனே ஒருநாள் விட்டான். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

அவனிடம் ஒரு நீள நோட்டு உண்டு. எந்த போனை வாங்கினாலும் தேதி, நேரம், ஐஎம்இஐ நம்பர், விற்றவன் பெயர், கையெழுத்து எல்லாம் அதில் ஏறும். ஆதார் காப்பி ஒன்று பின்னால் ஒட்டப்படும். பிகாரி, மராட்டி, மதுரைக்காரன், யாராக இருந்தாலும் இதுதான். ஒரே ஒரு கூட்டத்துக்கு மட்டும் விலக்கு: அவன் சொந்த ஊர்க்காரர்கள். அவர்கள் வந்து விற்றால் பெயர் எழுதுகிற கட்டத்தில் "ஊர்" என்று இரண்டே எழுத்து எழுதி மூடிவிடுவான்.

அது அவனாக வைத்த விலக்கு இல்லை. ஆறு வருஷத்துக்கு முன் ஊர்க்காரர் ஒருவரிடம் ஆதார் கேட்டுவிட்டான். மறுநாளே ஊர்ச் சங்கத்தில் கூப்பிட்டு நிறுத்தினார்கள். "ஊர்க்காரன்ட்டயே அத்தாட்சி கேக்கியோ? அப்ப நாங்க களவாணிப் பயக்களா?" என்று கேட்டார் சங்கத் தலைவர் கணேசபாண்டியன். பேக்கரிக்காரர். பதினாறு வயதில் வந்து இறங்கியவனுக்கு முதல் ராத்திரி படுக்க இடம் கொடுத்தவர் அவர்தான். மாரிசெல்வம் சபையில் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டான். அதோடு போயிற்றா என்றால் போகவில்லை. அதற்குப் பிறகு கோயில் கொடை என்றால் அவன் மனைவி பானுமதிக்குக் கடைசி வரிசைதான். முளைப்பாரி எடுக்க ஒருத்தியும் அவளைக் கூப்பிட்டதில்லை. வீட்டுக்கு வந்து சத்தமில்லாமல் அழுவாள். அதைப் பார்க்க அவனுக்குப் பிடிக்கவில்லை.

அன்று செவ்வாய்க்கிழமை. காலை பத்தரை. கணேசபாண்டியனின் மகன் மகேஷ்குமார் கடைக்கு வந்தான். இருபத்தாறு வயது, பார்சல் கொண்டுபோகிற வேலை என்று பெயர், பாதி நாள் குர்லா தண்டவாளத்து ஓரத்துப் பையன்களோடு சுற்றல். கையில் ஒரு போன். அதில் ஏதோ பாட்டு வீடியோ ஓடிக்கொண்டிருந்தது.

"சித்தப்பா, இதப் பாருங்க. கூட வேலை பாக்கவன் ஊருக்குப் போறான். வித்துக் குடுன்னான்."

"பில்லு?"

"ஊர்ல இருக்காம். வந்துரும்."

மாரிசெல்வம் வாங்கிப் பார்த்தான். பின்பக்கக் கவர் இல்லை. ஒரு மூலையில் புதுச் சிராய்ப்பு. அதில் கல்தூள் ஒட்டியிருந்தது. பாட்டை நிறுத்தப் போனான். "அது பாட்டுக்கு ஓடட்டும் சித்தப்பா" என்று மகேஷ் குறுக்கே விழுந்தான். பாட்டு நின்றால் திரை அணையும். திரை அணைந்தால் லாக் விழும். லாக் விழுந்தால் திறக்க இவனுக்குத் தெரியாது. இது மாரிசெல்வத்துக்குத் தெரியாதா? இருபது வருஷத்துக்கு மேலாக இதே தொழிலில் குப்பை கொட்டுகிறவன். தெரிந்தது. தெரிந்தும் வாயை மூடிக்கொண்டான்.

ஆட்டிப் பார்த்தான், சுண்டிப் பார்த்தான், திரையைப் பார்த்தான். நம்பரை சைட்டில் போட்டான். புகார் எதுவும் இல்லை. எப்படி இருக்கும்? பறிகொடுத்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை என்பது அப்போது அவனுக்குத் தெரியாது.

கையில் இருந்த போன் அடித்தது. திரையில் ஒரு பெயர், தமிழில். மாரிசெல்வம் எழுத்துக் கூட்டினான். பூ. மா. ரி. கூட்டி முடிப்பதற்குள் அடித்து ஓய்ந்தது. உடனே மறுபடி அடித்தது. இந்தத் தடவை காதருகே கொண்டுபோனான். கரகரப்பு இல்லை, அதிர்வும் சீராக இருந்தது. "ரிங்கர் நல்லாருக்கு" என்றான். பழக்கம், வாய் தன்னால் சொல்லிவிட்டது. மூன்றாவது தடவை அடித்தபோது மகேஷ் கையை நீட்டிச் சிவப்புப் பொத்தானைத் தொட்டான்.

"அவன் பெஞ்சாதி. ஊருக்குப் போவாதன்னு காலையில இருந்து சண்டை" என்றான்.

இனி கடைசிச் சோதனை ஒன்றுதான் பாக்கி. மாரிசெல்வத்தின் விரல் போனை அணைக்கிற பொத்தானுக்குப் போய்விட்டது. அந்த நேரம் பார்த்து மகேஷ் சொன்னான்: "அப்பா உங்களக் கேட்டாவ சித்தப்பா. இந்த வருசம் கொடைக்குச் சித்தியத்தான் முத முளைப்பாரி எடுக்கச் சொல்லணும்னு பேசிக்கிட்டு இருந்தாவ."

விரல் பொத்தானிலிருந்து வந்துவிட்டது. பேரம்கூடப் பேசாமல் காசைக் கொடுத்தான். சிம்மைக் கழற்றி, வேண்டாத சிம் போடுகிற டப்பாவில் போட்டான். நோட்டை எடுத்துத் தேதி, நேரம், நம்பர் எழுதினான். பெயர்க் கட்டத்தில் "ஊர்" என்று எழுதினான்.

லாக்கை எடுக்க மறுநாள் குர்லாவில் நசீரிடம் கொண்டுபோனான். சாப்ட்வேர் வேலைக்கு நசீர்தான். "மால் சாஃப் ஹை நா?", சரக்கு சுத்தம்தானே என்று கேட்டான் நசீர். மாரிசெல்வம் கொண்டு வந்தால் அவன் கேட்பதே இல்லை. அன்றைக்கு மூலையில் இருந்த கல்தூளைப் பார்த்துவிட்டுக் கேட்டான். "ஹமாரே காவ் கா லட்கா லாயா" என்று மாரிசெல்வம் சொன்னான். எங்கள் ஊர்ப் பையன் கொண்டுவந்தது. அதற்கு மேல் என்ன வேண்டும் என்கிற குரல். நான்கு நாளில் போன் திரும்பி வந்தது. படம், பெயர், பேச்சு ஒன்றும் இல்லாமல் வெறும் ஓடாக வந்தது. கண்ணாடிப் பெட்டியின் இரண்டாவது தட்டில் வைத்தான்.

பன்னிரண்டு நாள் கழித்து ஆண்டாப் ஹில்லிலிருந்து ஒரு பெண் வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். நெற்றி வெறுமையாக இருந்தது. கூடவே பதினொரு வயது மகள். அந்தப் பெண் கையில் ஒரு மொபைல் பெட்டியைத் துணிப்பையில் சுற்றி வைத்திருந்தாள்.

"அண்ணே, பழைய போன் ஒண்ணு வேணும். நீங்க பாத்துக் குடுத்தா ஏமாத்து இருக்காதுன்னு சொன்னாவ. எம் பேரு பூமாரி."

மாரிசெல்வத்தின் கையில் இருந்த திருப்புளி அப்படியே நின்றது.

அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனாள். பல பேரிடம் சொல்லிச் சொல்லி மரத்துப்போன குரல். புருஷன் அய்யாத்துரை; சான்பாடாவில் கட்டடங்களுக்கு வயரிங் வேலை. ஜிடிபி நகரில் ரயில் ஏறிப் போவார். அந்தச் செவ்வாய்க்கிழமை சுனாபட்டிக்கும் குர்லாவுக்கும் நடுவே ரயிலிலிருந்து விழுந்துவிட்டார். பை ரயிலின் மேல் தட்டிலேயே போய்விட்டது. பாஸ், ஆதார் காப்பி எல்லாவற்றையும் போன் கவருக்குள்தான் மடித்து வைத்திருப்பார். போனும் இல்லை, கவரும் இல்லை.

"பேரு தெரியாத ஆளுன்னு ஆசுபத்திரியில போட்டு வச்சிருக்காவ. சாயங்காலம் நாலு மணி வரைக்கும் உசுரு இருந்துருக்கு அண்ணே. நடுவுல ஒரு தடவை கண்ணு முழிச்சு என்னமோ கேட்டாராம். தமிழு அங்க யாருக்கும் புரியல. நான் மறுநாள் மத்தியானந்தான் கண்டுபுடிச்சேன், பொணமா."

மகள் ஷாலினி கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தபடி நின்றாள். அம்மாவுக்கும் அவளுக்கும் நடுவே இன்னொரு ஆள் நிற்கலாம், அவ்வளவு இடம் விட்டு நின்றாள்.

"வீட்டுல சண்டை உண்டுமான்னு ஸ்டேசன்ல கேட்டாவ. பொய் சொல்லத் தெரியல. ஆமா, முந்தின நாளு கருவாட்டுக் கொழம்புல உப்பு கூடிட்டுன்னு ஒரு பேச்சு வந்துச்சுன்னேன். அத வச்சு, குதிச்சுருப்பான்னுட்டாவ. எங்க நாத்தனாரு பொணத்த வச்சுக்கிட்டே சொல்லுதா, உன் வாயிதான் எந்தம்பியக் கொன்னுச்சுன்னு. இந்தப் பிள்ளையும் கேட்டுச்சு. அன்னையில இருந்து எம்பக்கத்துல படுக்க மாட்டக்கு."

ஷாலினி திரும்பவில்லை.

"அவிய குதிக்கல அண்ணே. பத்தே முக்காலுக்கு, போய்ச் சேந்தாச்சான்னு கேக்க நான் போன் போட்டேன். தெனமும் போடுவேன். ரெண்டு தடவை முழுசா அடிச்சுது. மூணாவது தடவை யாரோ கட் பண்ணாவ. அந்நேரம் இவிய ஆசுபத்திரியில கெடக்காவ. அப்ப கட் பண்ணது யாரு? தண்டவாளத்து ஓரம் கம்ப வச்சுக்கிட்டு நின்னு, கதவுல நிக்கவன் கையில அடிச்சுப் புடுங்குவானுவளாம்லா, அந்த மாதிரி எவனோதான். புடுங்குன போனு எங்கயாவது விக்க வரும்லா? இந்த நம்பரு வந்தா எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க அண்ணே. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். அவிய குதிக்கலன்னு எம்மவளுக்குத் தெரிஞ்சாப் போதும்."

பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். பில்லும் உள்ளேயே இருந்தது, மடிப்புக் கலையாமல். மாரிசெல்வம் அந்த நம்பரைப் பார்த்தான். கடைசி நான்கு இலக்கத்தை நோட்டைத் திறக்காமலே அவனால் சொல்ல முடியும்.

"அம்மா, இது அப்பாவோடது மாதிரியே இருக்கு" என்றாள் ஷாலினி. அவள் விரல் இரண்டாவது தட்டைக் காட்டியது.

பூமாரி குனிந்து பார்த்தாள். "இதுமாதிரி ஊருப்பட்டது இருக்கும்லா" என்றாள்.

மாரிசெல்வம் கண்ணாடிப் பெட்டியின் கதவைச் சாத்தினான். "அது... புக் ஆயிட்டு. வெள்ளிக்கெழம வாங்க, நல்லதா ஒண்ணு எடுத்து வைக்கேன்" என்றான். பாவி. அந்த இடத்திலேயே எடுத்துக் கையில் கொடுத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அவன் புத்தி போன வழி வேறு. ஊர் ஆட்கள் சம்பந்தப்பட்ட எதுவானாலும் முதலில் சங்கம், பிறகுதான் போலீஸ். இருபத்தேழு வருஷமாக அவன் ரத்தத்தில் ஊறிய சட்டம் அது. அவர்கள் போன பிறகு போனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கணேசபாண்டியனின் பேக்கரிக்குப் போனான்.

கணேசபாண்டியன் எல்லாவற்றையும் கேட்டார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எம்மவன்னு பாக்க மாட்டேன் மாரி" என்றார். "திங்கக்கெழம வக்கீலோட நானே அவன ஸ்டேசனுக்குக் கூட்டிட்டுப் போறேன். போன எங்கிட்டயே குடு. உங் கையில இருந்தா உன்னயும் சேத்துப் பிடிப்பானுவ."

அந்த வார்த்தையில் ஒரு பாசம் இருந்தது. பாசம் நிஜமாகவும் இருந்திருக்கலாம், யார் கண்டது? மாரிசெல்வம் போனைக் கொடுத்தான். ரசீது கேட்கவில்லை. அவருக்கு முன்னால் போனை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளவும் இல்லை. இரண்டாவது தடவையும் அதே தப்பு. சூடு கண்ட பூனை அடுப்பண்டை போகாது என்பார்கள். பூனைக்கு இருக்கிற புத்தி இவனுக்கு இல்லை.

திங்கள்கிழமை போய் நின்றான். பேக்கரியில் பாவ் ரொட்டி எண்ணிக்கொண்டிருந்த கணேசபாண்டியன் நிமிரவில்லை.

"அண்ணாச்சி, ஸ்டேசனுக்கு..."

"எதுக்கு?"

"அந்த போனு..."

"எந்த போனு?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார் என்று புரிவதற்கு மாரிசெல்வத்துக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று. மகேஷ் முந்தின ராத்திரியே ஊருக்கு ரயிலேறிவிட்டான். போனைச் சுத்தியால் உடைத்தார்களோ, சாக்கடையில் போட்டார்களோ, அது இனி வராது.

"அந்தப் பொம்பளைக்கு என்ன பதில் சொல்லுவேன் அண்ணாச்சி?"

"அவ நம்ம ஊரா?" என்றார் கணேசபாண்டியன். பிறகு குரலை இறக்கினார். "உன் நோட்டுல எம்மவன் பேரு இருக்கா?"

"இல்ல."

"என்ன இருக்கு?"

"ஊர்னு இருக்கு."

"அப்ப ஊரையே புடிச்சு உள்ள போடச் சொல்லு" என்று சொல்லிவிட்டு அவர் விட்ட இடத்திலிருந்து ரொட்டியை எண்ண ஆரம்பித்தார்.

வீட்டுக்கு வந்து பானுமதியிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் முளைப்பாரிக்கென்று வாங்கி வைத்திருந்த மண்சட்டியைச் சாமி அலமாரியிலிருந்து இறக்கி, வெளியே தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தாள். "அந்தப் பிள்ளைக்கு என்ன வயசு?" என்று மட்டும் கேட்டாள். பதினொன்று என்றான்.

வெள்ளிக்கிழமை பூமாரியும் ஷாலினியும் வந்தார்கள். நல்ல போன் ஒன்றை அவன் எடுத்து வைத்திருந்தான். பில் உண்டு, பெட்டி உண்டு, விற்றவனின் ஆதார் காப்பியும் உண்டு. பூமாரியை முக்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு சோதனையையும் அவர்கள் கண் முன்னாலேயே செய்து காட்டினான். ஆட்டினான், சுண்டினான், ஐகானை மூலைக்கு மூலை இழுத்தான். ஷாலினி கிட்டே வந்து உன்னிப்பாகப் பார்த்தாள். பழைய ஆளின் கணக்கு ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது, ரீசெட்டை ஏன் நம் முன்னாலேயே செய்யச் சொல்ல வேண்டும், எல்லாம் சொன்னான். அவன் குரல் வகுப்பெடுக்கிற வாத்தியார் மாதிரி நிதானமாக இருந்தது. உள்ளே என்ன இருந்தது என்பதை அவனைத்தான் கேட்க வேண்டும்.

அய்யாத்துரையின் பழைய நம்பர் பூமாரியின் பெயரில்தான் எடுத்தது. அதே நம்பருக்குப் புது சிம் வாங்கி வந்திருந்தார்கள். ஷாலினி சிம்மைப் போட்டாள். முதல் வேலையாக அம்மாவின் நம்பரைப் பதிந்தாள். அப்பா வைத்திருந்தது போலவே தமிழில் பதிந்துவிட்டு, போனை மாரிசெல்வத்திடம் நீட்டினாள்.

"ரிங்கர் பாக்கலியே அங்கிள்" என்றாள்.

"நான் அடிக்கேன்" என்று பூமாரி தன் போனை எடுத்து அழுத்தினாள்.

அவன் கையில் இருந்த போன் அடித்தது. பூ. மா. ரி. இந்தத் தடவை எழுத்துக் கூட்ட வேண்டியிருக்கவில்லை. ஒரு தடவை முழுசாக அடித்து ஓய்ந்தது. "கேக்குதா அண்ணே?" என்று கேட்டுவிட்டு அவள் மறுபடி அழுத்தினாள். மறுபடி அடித்தது. மாரிசெல்வம் பச்சையைத் தொட்டுக் காதில் வைத்தான்.

"அன்னைக்கும் இப்பிடித்தாம்மா அடிச்சுது" என்றான். இரண்டு முழத் தூரத்தில் உட்கார்ந்திருக்கிற பெண்ணிடம் போனில் சொன்னான். நேராகப் பார்த்துச் சொல்ல அவனுக்குத் தெம்பு இல்லை.

பூமாரி காதிலிருந்து போனை எடுக்கவில்லை.

அவன் எல்லாவற்றையும் சொன்னான். ஓடிக்கொண்டே இருந்த பாட்டு, கல்தூள், கவர் இல்லாத முதுகு, மகேஷ்குமாரின் விரல், நசீர், பேக்கரி, ஒன்றையும் விடவில்லை. அவன் முடித்த பிறகும் இரண்டு போனும் இணைப்பிலேயே இருந்தன.

"மூணாவது தடவை கட் பண்ணது நீங்களா?"

"இல்லம்மா. ஆனா எங் கையிலதான் இருந்துச்சு."

"எடுத்து ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லா அண்ணே" என்றாள். குரல் உயரவில்லை. "இது உம் புருசன் போனு, இங்க கெடக்குன்னு. நான் அப்பவே தேடிக்கிட்டு ஓடியிருப்பேன்லா. நாலு மணி வரைக்கும் இருந்தாவளே. என்ன கேட்டாவளோ. தண்ணி கேட்டாவளோ என்னமோ."



அவள் எழுந்தாள். மகளின் தோளைப் பிடித்துத் திருப்பினாள். "கேட்டுக்கிட்டியாட்டி? உங்கப்பா குதிக்கல. இந்த ஆளு வாயாலயே கேட்டுக்கோ" என்றாள். பிறகுதான் அழுதாள். ஷாலினி அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். பூட்டுக் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

மாரிசெல்வம் விளக்கை அணைத்தான். ஷட்டரை இழுத்துப் பூட்டினான். சாவியைப் பூட்டுக் கடைக்காரரிடம் கொடுத்து, பானுமதி வந்தால் கொடுக்கச் சொன்னான். நீள நோட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவர்களோடு நடந்தான். அந்த நோட்டு யாரை மாட்டிவிடும் என்று அவனுக்குத் தெரியும். அந்த போனைப் பொறுத்தவரை அதில் இருக்கிற ஒரே நிஜமான பெயர், அட்டையில் எழுதியிருக்கிற அவன் பெயர்தான்.

ஸ்டேஷனில் மூன்று மணி நேரம் காத்திருந்தார்கள். புகார் எழுதுகிறவர், பூமாரி கொண்டுவந்த பெட்டியில் இருந்த நம்பரையும் நோட்டில் இருந்த நம்பரையும் விரல் வைத்து ஒத்துப் பார்த்தார். அதே தேதி, பத்தே முக்கால் மணி. பூமாரி சொன்ன நேரமும் அதுதான். பெயர்க் கட்டத்தில் இருந்த இரண்டு எழுத்தைக் காட்டி இது யார் என்று இந்தியில் கேட்டார். மாரிசெல்வம் மகேஷ்குமாரின் பெயரைச் சொன்னான். அப்பன் பெயரைச் சொன்னான். ஊர்ப் பெயரையும் சொன்னான். இருபத்தேழு வருஷத்தில் போலீஸிடம் அந்த ஊர்ப் பெயரை அவன் சொன்னது அதுதான் முதல் தடவை. இனி சங்கத்தில் அவன் பெயர் இருக்காது. அதற்கு முன்னால் லாக்கப்பில் இருக்கும்.

"மகேஷ் சொன்னான், வாங்கினேன் என்கிறாய். போன் அடித்தது என்றும் சொல்கிறாய். அடித்தபோது கையில் வைத்துக்கொண்டு என்ன செய்தாய்?" என்று கேட்டார் எழுதுகிறவர்.

"ரிங்கர் சரியா இருக்கான்னு பார்த்தேன், சாப்" என்றான் இந்தியில்.

எழுதுகிறவர் பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். மறுபடி கேட்டார். மாரிசெல்வம் மறுபடியும் அதையே சொன்னான். பெஞ்சில் மகளை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பூமாரி இரண்டு தடவையும் அதைக் கேட்டாள்.